மாலேர்கோட்லா: ஒரு சிறு நகரத்தை விசாரித்து அறிந்த விதம்

1947க்குப் பிறகு இந்தியப் பஞ்சாபில் எஞ்சிய முஸ்லிம்கள் மிகச் சிலர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் லூதியானாவுக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாலேர்கோட்லாவில் அதே கணக்கெடுப்பில் பதிவான 1,35,424 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். சுற்றிலும் பாட்டியாலா, நாபா, ஜீந்த் சமஸ்தானங்களிலும் லூதியானா மாவட்டத்திலும் ஊர் ஊராக மக்கள் கொல்லப்பட்டும் விரட்டப்பட்டும் போன அந்த ஆண்டில் இந்த நகரத்தில் மட்டும் பெருங்கொலை நடக்கவில்லை. பின்னலாடைத் தொழில் காரணமாகத் திருப்பூரிலிருந்து லூதியானாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கியிருந்த காலத்தில், இது எப்படி நேர்ந்தது என்று அறிந்துகொள்ளும் ஆர்வத்தில் விடுமுறை நாள்களை நான் பெரும்பாலும் மாலேர்கோட்லாவில் கழித்தேன். அங்கே கேட்டவற்றையும், ஒரு சிறு நகரத்தின் வரலாற்றை அந்நியர் ஒருவர் எப்படி அணுகலாம் என்று அங்கே கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மாலேர்கோட்லாவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் சிர்ஹிந்தை ஒட்டியுள்ள ஃபதேகர் சாகிப். சீக்கியரின் பத்தாவது குருவான கோபிந்த் சிங்கின் இளைய மகன்களான ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சிர்ஹிந்தின் மொகலாய ஆளுநர் வஜீர் கானின் கட்டளையால் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டப்பட்டதாகச் சீக்கியர்கள் நினைவுகூரும் இடம் அது. 1704 டிசம்பர் என்பது மரபான கணக்கு. 1705 என்று கொள்வோரும் உண்டு. இருவரும் பத்து வயது நிரம்பாத சிறுவர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் நடக்கும் ஷஹீதி ஜோர் மேளாவுக்கு வரும் கூட்டத்தையும், அந்த நாள்களில் பல சீக்கிய வீடுகளில் திருமணம் முதலிய மங்கல காரியங்கள் எதையும் வைத்துக்கொள்ளாத வழக்கத்தையும் நேரில் அறிந்த பிறகுதான், அந்தச் சிறுவர்களுக்காகப் பேசிய ஒரே ஒரு குரல் முந்நூறு ஆண்டுகளாக ஏன் மறக்கப்படவில்லை என்பது விளங்கும்.

அந்தக் குரல் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கானுடையது. அவர் குருவின் நண்பர் அல்லர். மொகலாயப் படையோடு சேர்ந்து குருவுக்கு எதிராகப் போரிட்டவர்; அந்தப் போரில் தம் உறவினரை இழந்தவர். இழப்புக்குப் பழிதீர்க்க இந்தப் பிள்ளைகளை எடுத்துக்கொள் என்று வஜீர் கான் சொன்னபோது, தம் பகை தந்தையோடுதான், பால்மணம் மாறாத பிள்ளைகளோடு அன்று என்று அவர் மறுத்துச் சபையை விட்டு வெளியேறினார் என்பது மரபு. செய்தி கேட்டு குரு மாலேர்கோட்லாவை வாழ்த்தினார் என்றும் அந்த மரபு தொடர்கிறது. நவாப் நீதிக்காக எழுப்பிய குரலின் பெயரிலேயே 'ஹா தா நாரா சாகிப்' என்ற குருத்வாரா மாலேர்கோட்லாவில் நிற்கிறது. ஒரு முஸ்லிம் நவாபின் சொல்லை நினைவில் நிறுத்தச் சீக்கியர்கள் எழுப்பிய வழிபாட்டிடம் அது என்பதை வாசலில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாழ்த்துப் பெற்ற நகரம் என்ற இந்தக் கதையை மாலேர்கோட்லாவில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். தேநீர்க் கடைக்காரர் சொல்வார், பேருந்து நடத்துநர் சொல்வார், பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் என்று தெரிந்தவுடன் கேட்காமலே வந்துவிடும் விடை அது. அது பொய்யன்று, உள்ளத்திலிருந்துதான் சொல்கிறார்கள். ஆயினும் எப்போதும் ஆயத்தமாக இருக்கும் விடை மற்ற விடைகளை மறைத்துவிடும். ஆகையால் "நீங்கள் எப்படி ஒற்றுமையாக வாழ்கிறீர்கள்" என்று நான் யாரையும் கேட்பதில்லை. என்ன தொழில் செய்கிறீர்கள், இந்த வீடு யார் கட்டியது, உங்கள் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து வந்தார், பெண்ணை எந்த ஊரில் கொடுத்தீர்கள் என்றே கேட்பேன். சற்று நேரத்தில் பேச்சு தானாக 1947க்குப் போய்விடும். அப்போது வருவது வேறு வகையான வரலாறு.

காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு முதியவர் அப்படித்தான் பேசத் தொடங்கினார். மாலேர்கோட்லாவைச் சுற்றியுள்ள வயல்கள் கோதுமைக்கும் நெல்லுக்கும் இடையே காய்கறிப் பசுமையோடு தனித்துத் தெரியும். கம்போஜ் சமூகத்தைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே காலிஃபிளவர், வெங்காயம், மிளகாய் பயிரிடுகின்றன. நாற்று வளர்த்தும் விற்கின்றன. அவரிடம் நாற்று வாங்க வந்த சீக்கிய விவசாயிகள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவரைச் "சாச்சா" (சித்தப்பா) என்று அழைத்து விலை பேசினார்கள். அவர்கள் போன பிறகு, தம் தந்தையின் உறவினர்கள் பாட்டியாலா எல்லைக்குள் இருந்த ஒரு கிராமத்திலிருந்து இரவோடு இரவாக ஓடிவந்ததையும், வழியில் சிலர் வராமலே போனதையும், அன்று தனிச் சமஸ்தானமாக இருந்த மாலேர்கோட்லாவின் எல்லைக்கல்லைத் தாண்டியவர்களை யாரும் பின்தொடரவில்லை என்பதையும் அவர் சொன்னார். "மகனே, எல்லைக்கல் யாரையும் தடுக்காது. எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. நவாபின் சிப்பாய்களும் அங்கே நின்றார்கள்" என்றார். வாழ்த்தின் நினைவும் ஆயுதம் ஏந்திய காவலும் சேர்ந்தே அந்த எல்லையைக் காத்தன என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கவில்லை.

ஒரே நிகழ்ச்சியைப் பலரிடம் கேட்டு, கேட்டபடியே தனித்தனியாக எழுதி வைப்பதை அங்கேதான் பழகினேன். 1947ஐப் பற்றிக் கேட்டால், குருவின் வாழ்த்தே காத்தது என்பார் சீக்கியர். நவாபின் நடுநிலையும் அவருடைய படையும் காத்தன என்பார் நவாப் குடும்பத்தை அறிந்த முஸ்லிம் முதியவர். நகரத்தில் அடங்கியுள்ள துறவி பாபா ஹைதர் ஷேக்கின் அருள் காத்தது என்பார் அவருடைய தர்காவுக்கு வரும் இந்துப் பெண்மணி. இவற்றுள் எது சரி என்று உடனே தீர்ப்பளிக்கத் தேவையில்லை. இவர் ஏன் இதைச் சொல்கிறார், இப்படிச் சொல்வதன் வழியாக இன்று இந்த நகரத்தில் தமக்கு எந்த இடத்தைக் கேட்கிறார் என்று யோசித்தால், மூன்றும் சேர்ந்து நகரத்தின் அமைப்பையே காட்டிவிடும்.

ஹைதர் ஷேக்கிலிருந்துதான் நகரத்தின் கதை தொடங்குகிறது. ஷேக் சத்ருத்தீன் என்பது அவர் இயற்பெயர், ஷெர்வானி ஆப்கானியர், துறவி. டெல்லி சுல்தானான பஹ்லோல் லோதி படையோடு இப்பகுதியில் முகாமிட்டிருந்த இரவில் புயல் அடித்து, எல்லாக் கூடாரமும் சாய்ந்தபோது ஷேக்கின் குடிலில் மட்டும் விளக்கு அணையாமல் எரிந்தது என்று சொல்வார்கள். சுல்தான் தம் மகளை அவருக்கு மணமுடித்து 1454இல் ஊர்களை மானியமாக அளித்ததிலிருந்து மாலேர் உருவானது. கோட்லா என்னும் கோட்டைப் பகுதி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் வழிவந்த பயாசித் கான் எழுப்பியது. இரண்டும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனிக் குடியிருப்புகளாகவே இருந்து, பின்னர் மோத்தி பஜார் கட்டப்பட்ட பிறகே ஒன்றாயின. அந்தக் கடைத்தெருவில் நடப்பவர் இரண்டு ஊர்களின் தையலின் மேல் நடக்கிறார்.

தர்காவுக்கு வியாழக்கிழமை போகவேண்டும். அமாவாசைக்குப் பின் வரும் முதல் வியாழன் இன்னும் சிறப்பு. அன்று வரும் கூட்டத்தில் சீக்கியரும் இந்துக்களுமே மிகுதி. குழந்தை வரம், நோய், வழக்கு, வெளிநாட்டு விசா என்று வேண்டுதல்களோடு வருகிறார்கள். இனிப்பும், சமாதிமேல் போர்த்தும் சாதர் என்னும் துணியும் சாத்துகிறார்கள். சிலர் ஆட்டை நேர்ந்துவிடுகிறார்கள். ஷேக்கின் வழித்தோன்றல்கள் காணிக்கை பெற்று ஆசி கூறுகிறார்கள். ஜூன் மாத வெயிலில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் பெரிய மேளாவில் பஞ்சாபின் மால்வா பகுதிக் கிராமங்கள் பலவும் திரண்டிருப்பதைக் காணலாம். அதே நகரத்தில் சமாதி வழிபாடு மார்க்கத்துக்கு உகந்ததன்று என்று கருதும் முஸ்லிம்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் மேளாவுக்கு வருவதில்லை, தடுப்பதும் இல்லை. இந்தச் சகிப்பைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். தமக்கு உடன்பாடில்லாத ஒன்றைத் தம் தெருவில் நடக்கவிடுவது, உடன்பட்டுக் கட்டித்தழுவுவதைவிடக் கடினமானது. அங்கே போகிறவர்கள் தலையை மறைத்துக்கொள்ள ஒரு துணி எடுத்துச் செல்லட்டும். அது குருத்வாராவுக்கும் உதவும். அருள்வந்து ஆடுகிறவர்களையும் அழுது வேண்டுகிறவர்களையும் படமெடுக்கவேண்டாம்.

மாலேர்கோட்லாவை அன்பின் தலமாக மட்டும் அறிந்தவர்களை நகரத்தின் மற்ற ஆண்டுகள் திகைக்கச் செய்யும். அவற்றைத் தவிர்த்துவிட்டு எழுதுவதும் பேசுவதும் அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். ஷேர் முகம்மது கானே 1710இல் சப்பர் சிரி போர்க்களத்தில் வஜீர் கானின் பக்கம் நின்று சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூருக்கு எதிராகப் போரிட்டு மாண்டார். அதற்குப் பிறகும் சிர்ஹிந்தைச் சூறையாடிய சீக்கியப் படை மாலேர்கோட்லாவைத் தொடவில்லை. 1762 பிப்ரவரியில் ஆப்கான் அரசர் அகமது ஷா அப்தாலியின் படை, மாலேர்கோட்லாவுக்கு அருகிலுள்ள குப் என்னும் ஊரை ஒட்டி, பெண்களும் குழந்தைகளுமாக நகர்ந்துகொண்டிருந்த சீக்கியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. வட்டா கல்லுகாரா என்று சீக்கியர் நினைவுகூரும் அந்தப் படுகொலையில் மாலேர்கோட்லா நவாப் பீகன் கான் அப்தாலியின் பக்கம் இருந்தார். 1790களில் பசுவதையைக் காரணம் காட்டி சீக்கிய மதத் தலைவர் சாகிப் சிங் பேடி மாலேர்கோட்லாமீது படையெடுத்தபோது, நகரத்துக்குத் துணை வந்தது பாட்டியாலாவின் சீக்கிய அரசு. 1935இல் புராணக் கதா பிரசங்கமும் பள்ளிவாசல் தொழுகையும் மோதிக்கொண்டதில் எழுந்த தகராறு இந்துக்களையும் முஸ்லிம்களையும் எதிரெதிரே நிறுத்தி உயிர்ப்பலி வரை போனது. அதிலிருந்து வெறும் பன்னிரண்டு ஆண்டுகளில் 1947 வந்தது. ஒருமுறை பெற்ற வாழ்த்து தானாகவே வேலை செய்துவிடவில்லை. சில தலைமுறைகள் அதை மறந்தும் மீறியும் இருக்கின்றன, நெருக்கடி வந்த தலைமுறை அதை நினைவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

1872ஆம் ஆண்டை எழுதாமல் நகரத்தின் வரலாறு முழுமை பெறாது. நாம்தாரிகள் என்னும் கூக்கா சீக்கியர்கள் பசுவதைக்கும் ஆங்கில ஆட்சிக்கும் எதிராகக் கொதித்திருந்த காலம். அவர்களில் ஒரு குழு அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று மாலேர்கோட்லாவைத் தாக்கியது. இரு பக்கமும் சிலர் இறந்தனர்; தாக்கியவர்கள் பின்வாங்கிப் பாட்டியாலா எல்லைக்குள் பிடிபட்டனர். லூதியானாவின் துணை ஆணையர் கோவன் விசாரணை ஏதுமின்றி ஜனவரி 17 அன்று 49 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். ஐம்பதாவதாக நிறுத்தப்பட்டவர் கோவனின் தாடியைப் பற்றியிழுத்ததால் அங்கேயே வாளால் வெட்டப்பட்டார். அவர் சிறுவன் என்கிறது நாம்தாரி மரபு. மறுநாள் ஆணையர் ஃபோர்சித் முன்னிலையில் மேலும் 16 பேர் அவ்வாறே கொல்லப்பட்டனர். கோவன் பின்னர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்; குற்றம் எதுவும் நிறுவப்படாமலே நாம்தாரிகளின் குரு ராம் சிங் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர்கள் கொல்லப்பட்ட திடலில் இன்று 66 துளைகளோடு, கண்டா என்னும் இருபுறமும் கூரிய சீக்கிய வாளின் மிக உயரமான வடிவம் ஒன்று நிற்கிறது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துளை. நகரத்தைத் தாக்க வந்தவர்களின் நினைவுச்சின்னம் அந்த நகரத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் நாம்தாரிகள் வெண்ணிற உடையிலும் வெண் தலைப்பாகையிலும் அங்கே கூடுவார்கள். அந்த நாள்களில் மூடுபனி கடுமையாக இருக்கும். காலைப் பேருந்தும் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வரலாற்றை அரண்மனைகளில் தேடுவதைவிடத் தொழிற்கூடங்களில் தேடினால் மக்கள் தெரிவார்கள். மாலேர்கோட்லாவின் தெருக்களில் வீட்டுத் திண்ணைகளிலும் சிறு அறைகளிலும் ஆணும் பெண்ணும் குனிந்து அமர்ந்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பொன்னிறக் கம்பிச் சுருளை ஊசியால் கோத்துத் தைப்பதைக் காணலாம். இந்திய ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் பல வெளிநாட்டுப் படைகளுக்கும் வேண்டிய பட்டைகள், தொப்பிச் சின்னங்கள், தோள் இலச்சினைகள் இங்கே கையால் தைக்கப்படுகின்றன. எந்த நாட்டுப் படை என்று தைப்பவர்களுக்குப் பல நேரம் தெரியாது. மாதிரித் துண்டு வரும், அதன்படி தைப்பார்கள், துண்டுக் கணக்கில் கூலி. திருப்பூரில் துண்டுக் கூலியின் கணக்கை நான் நன்கு அறிவேன் என்பதால் அந்த அறைகளில் எனக்குப் பேச்சு எளிதாகவே வந்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு நூல், கண் எந்த வயதில் மங்கத் தொடங்குகிறது என்று பேசினோம். தரகரிடம் கூலி நிலுவை எப்படி நிற்கும் என்பதுகூட இரண்டு ஊர்களிலும் ஒன்றுபோலவே இருந்தது. தொழில் தெரிந்தவர் அடுத்த தொழிலைப் பற்றிக் கேட்கும்போது மக்கள் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுவதில்லை. கூட்டாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். உங்களுக்குக் கைவந்த தொழில் எதுவோ, அதன் வழியாக ஊருக்குள் நுழையுங்கள். வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பல மணி நேரத்தின் உழைப்பு அது.

மொழியைப் பற்றி ஒரு சொல். மாலேர்கோட்லா முஸ்லிம்களின் வீட்டுமொழி பஞ்சாபி. கடைப் பலகைகளில் குர்முகியோடு உருதுவும் இருக்கும். பஞ்சாப் உருது அகாதமி இந்த நகரத்தில்தான் இயங்குகிறது. நடிகர் சயீத் ஜாஃப்ரி 1929இல் பிறந்தது இங்கேதான். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த இந்திப் படங்கள் சிலவற்றுக்குப் பாட்டெழுதிய இர்ஷாத் காமிலும் இந்த ஊர்க்காரர். உருதுவும் பஞ்சாபியும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் வளர்ந்தவர் என்று அறிந்த பிறகு அவர் வரிகளில் இரண்டு மொழிகளும் கலந்து வரும் இடங்கள் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்கின்றன. நமக்குப் பஞ்சாபி வராவிட்டாலும் வயதான சீக்கியரைப் "பாபா ஜி" என்றும், பெண்களை "பஹன் ஜி", "மாதா ஜி" என்றும் அழைத்து, அவரவர் முகமன் அறிந்து சொன்னால் போதும். உடைந்த இந்தியிலேயே மணிக்கணக்கில் உரையாடலாம்.

இன்றைய ஒற்றுமைக்குச் செய்யப்படும் வேலை கண்ணுக்குத் தெரியும்படியே நடக்கிறது. ஈத் நாளில் ஈத்கா வாசலில் சீக்கியரும் இந்துக்களும் வாழ்த்துச் சொல்ல நிற்பதும், பஜாரில் ஏதேனும் சச்சரவு எழுந்தால் மூன்று சமூகங்களின் பெரியவர்களும் மாலைக்குள் ஓரிடத்தில் உட்காருவதும், ஒரு பள்ளிவாசலும் ஒரு கோயிலும் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பதும் பழக்கத்தால் வந்தவை. 2020–21இல் டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடியபோது மாலேர்கோட்லா முஸ்லிம்கள் அங்கே அடுப்பு மூட்டி, ஜர்தா என்னும் இனிப்புச் சோற்றை ஆக்கிப் பரிமாறினார்கள். 2021 மே மாதம் ஈத் நாளன்று மாலேர்கோட்லா பஞ்சாபின் 23ஆவது மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை சங்க்ரூர் மாவட்டத்தில் இருந்ததால் ஒவ்வொரு அலுவலுக்கும் அங்கே அலைந்த மக்களுக்கு அது நடைமுறையில் பெரிய ஆறுதல்.

போக விரும்புகிறவர்களுக்கு வழி எளிது. லூதியானாவிலிருந்து பேருந்துகள் அடிக்கடி உண்டு. லூதியானா–தூரி ரயில் பாதையிலும் நகரம் இருக்கிறது. தங்குவதற்கு லூதியானா வசதியானது. பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. காலையில் காய்கறிச் சந்தை, வெயிலுக்கு முன் பழைய வாயில்களும் மோத்தி பஜாரும், பிற்பகலில் தொழிற்கூடங்கள், மாலையில் தர்கா என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் அவசரமில்லாமல் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜாமா மசூதிப் பக்கம் நெரிசலாக இருக்கும். தொழுகை முடியும் வரை பொறுத்திருப்பது முறை.

அவசரம் தேவைப்படுவது ஒன்றில்தான். கடைசி நவாபான இஃப்திகார் அலி கான் 1982இல் மறைந்தார். அவருடைய பேகம் முனவ்வருன்னிசா, சிதைந்துவந்த முபாரக் மன்சில் அரண்மனையைப் பாதுகாப்பதற்காக மாநில அரசிடம் ஒப்படைக்க முன்வந்து, 2023இல் நூறு வயது கடந்து காலமானார். 1947ஐக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் பேசப் போகிறவர் வீட்டாரின் ஒப்புதலைப் பெற்று, நாளையும் இடத்தையும் சொல்லிப் பதிவுசெய்து, பேரனோ பேத்தியோ ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும். கிராமங்களின் பெயர்களைச் சரிபார்க்க அவர்களே உதவுவார்கள். பதிவின் ஒரு படியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வரவேண்டும். நான் பேசிய வீடுகளில் முதலில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் பேரப்பிள்ளைகளே. தாத்தா அந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னதை அவர்களில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள்.